பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கடைகளுக்கு எந்த டிஜிட்டல் விளம்பரம் கைகொடுக்கும்?

நெய்யாற்றின்கரையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 66இல் வந்தால் அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று ஊர்கள் வரிசையாக வரும். அதைத் தாண்டினால் களியக்காவிளை. தமிழ்நாடு. கடைப் பலகையின் எழுத்து மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறுவதைத் தவிர, மாநிலம் மாறியதற்குப் பெரிய அடையாளம் எதுவும் கண்ணில் படாது. பெட்ரோல் அடிக்கவும் சந்தைக்கும் களியக்காவிளைக்கு வருவதும், ஆஸ்பத்திரிக்குத் திருவனந்தபுரம் போவதும் இங்குள்ளவர்களுக்கு அன்றாட வேலை.

இப்படிப்பட்ட ஊரில் நீங்கள் ஒரு பேக்கரியோ, துணிக்கடையோ, வைத்தியசாலையோ நடத்தினால் உங்களுக்கும் அந்த போன் வந்திருக்கும். "மாசம் ஒரு தொகை குடுங்க, இன்ஸ்டா, பேஸ்புக், கூகுள் எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம்." கொடுக்கலாமா? கொடுத்தால் எதற்குக் கொடுப்பது?

டிஜிட்டல் விளம்பரம் பற்றிக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி சென்னை, கொச்சி போன்ற நகரத்துக் கடைகளை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. ஒரே மாநிலம், ஒரே மொழி, ஒரே வரி என்பது அவற்றின் எழுதப்படாத அனுமானம். எல்லையில் இந்த மூன்றும் பொருந்தாது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது திருவிதாங்கூரின் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலத்தோடு) சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே இருந்தது. குடும்பங்களும் வியாபாரமும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். வீட்டில் தமிழ் கலந்து பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் வேறு.

வட்டம் போடுவதற்கு முன் ஒரு கணக்கு

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, "இதைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர்" என்று வட்டம் போடலாம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் முதல் தவறைச் செய்கிறார்கள். 5 கிலோமீட்டரை 10 ஆக்கினால் இரண்டு மடங்கு இடம் கிடைக்கும் என்று தோன்றும். கிடைப்பது நான்கு மடங்கு. 5 கி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர், 10 கி.மீ. வட்டம் 314, 15 கி.மீ. என்றால் 707. உங்கள் ஆயிரம் ரூபாய் அதே ஆயிரம் ரூபாய்தான். அது ஒன்பது மடங்கு நிலப்பரப்பில் தெளிக்கப்படுகிறது.

பாறசாலையை மையமாக வைத்து 15 கி.மீ. போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் நெய்யாற்றின்கரை உள்ளே வரும், இன்னொரு பக்கம் குழித்துறை வரும், தென்மேற்கில் ஒரு துண்டு அரபிக்கடலில் விழும். கடலுக்குக் காசு போகாது, பயப்பட வேண்டாம். ஆனால் மாநில எல்லை அந்த வட்டத்துக்குத் தெரியாது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இன்னொன்றும் உண்டு. அந்த வட்டத்தில் வசிப்பவர்கள் மட்டுமல்ல, அண்மையில் அங்கே இருந்தவர்களும் கணக்கில் வருவார்கள். நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றுண்டிக் கடைக்கு இது நல்லதுதான், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் விமான நிலையத்துக்கும் போய்வரும் கன்னியாகுமரிக்காரர்கள் அதில் இருப்பார்கள். பிளம்பிங் வேலை செய்பவருக்கோ டியூஷன் சென்டருக்கோ அது வீண் செலவு. அவர்கள் வட்டத்தைச் சுருக்க வேண்டும், தேவையில்லாத பகுதியை 'விலக்கு' என்று குறிக்கவும் வேண்டும். அந்த வசதி அதே பக்கத்தில் இருக்கிறது, பலரும் தொடுவதே இல்லை.

எந்த எழுத்தில் போடுவது?

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. எல்லையின் இரு பக்கமும் பெரும்பாலானவர்கள் இரண்டு மொழியையும் காதால் புரிந்துகொள்வார்கள். வாசிப்பது என்று வந்தால் பலருக்கு ஒன்றுதான் ஓடும். எல்லைக்கோடு உண்மையில் ஓடுவது எழுத்தில்தான், பேச்சில் இல்லை.

அதனால் போஸ்டரை விட வீடியோவும் குரலும் இங்கே கூடுதல் தூரம் போகும். நீங்களோ கடையில் வேலை பார்ப்பவரோ கவுன்டரில் பேசுவது போலவே, ஊர்ப் பேச்சில் முப்பது விநாடி பேசி எடுத்த வீடியோ போதும். அதே வீடியோவுக்குக் கேரளப் பக்கம் மலையாள எழுத்து, தமிழ்நாட்டுப் பக்கம் தமிழ் எழுத்து என்று இரண்டு விளம்பரமாகப் பிரித்து விடுங்கள். இரண்டு மொழியையும் ஒரே படத்தில் திணித்தால் எழுத்து பொடிப்பொடியாகி இரண்டு பேருமே வாசிக்க மாட்டார்கள்.

விளம்பரம் போடும்போது "மொழி: தமிழ்" என்று ஒரு தெரிவு வரும். எல்லைக் கடைக்காரர் அதைக் காலியாக விடுவது நல்லது. அது பார்ப்பது பெரும்பாலும் அவர்கள் செயலியை எந்த மொழியில் வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான், வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதை அல்ல. பலரின் போன் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் என்று தெரிவு செய்தால், தமிழ் பேசும் அவர்கள் கண்ணிலேயே உங்கள் விளம்பரம் படாமல் போய்விடலாம்.

சொல் விஷயம் இன்னும் சுவாரசியம். வெளியூர் ஏஜென்சி எழுதித் தரும் விளம்பரத்தில் "மரவள்ளிக்கிழங்கு சிப்ஸ்" என்று இருக்கும். இங்கே இரண்டு பக்கமும் அது மரச்சீனி. "நேந்திரம்" என்று அவர்கள் எழுதுவதை இங்கே ஏத்தங்காய் என்பார்கள். பலாவுக்கு இங்கே சக்கை. ஆனால் சக்கை வற்றலை மதுரைக்கு ஆன்லைனில் விற்கப் போகிறீர்கள் என்றால் அங்கே சக்கை என்றால் பிழிந்து போட்டது! யாருக்கு விற்கிறோமோ அவர்கள் வாயில் வரும் சொல்தான் விளம்பரத்திலும் வர வேண்டும். கூகுள் ட்ரெண்ட்ஸ் என்ற இலவசப் பக்கத்தில் இரண்டு சொற்களைப் போட்டு எந்த மாநிலத்தில் எது அதிகம் தேடப்படுகிறது என்று ஒப்பிடலாம். ஒரு கிராமத்து அளவுக்கு அதில் விவரம் கிடைக்காது. அதற்கு உங்கள் கடைக்கு வருபவர்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று கவனித்தாலே போதும்.

காசு இல்லாமல் செய்யக்கூடியது முதலில்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கூகுள் மேப்பில் உங்கள் கடையின் பெயர், நேரம், போன் எண், படம் எல்லாம் வருவது இதன் வழியாகத்தான். ஒருவர் "பக்கத்தில் டயர் கடை" என்று தேடினால் யாரை முதலில் காட்டுவது என்பதற்கு மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக கூகுளே சொல்கிறது: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், உங்கள் கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. இந்த வரிசையில் மேலே வரப் பணம் கட்ட வழியில்லை என்றும் அதே நிறுவனம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஆகவே "கூகுள்ல இருந்து பேசுறோம், பத்தாயிரம் கட்டினா உங்க கடை முதல்ல வரும்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடலாம். கட்டண விளம்பரம் வேறு, அதில் 'விளம்பரம்' என்ற குறி இருக்கும்.

மேப்பில் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா, 69இல் தொடங்கும் உங்கள் கேரளப் பின்கோடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு அது 629. எல்லையோரத்தில் புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தால் கடை பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா, ஹர்த்தால் அன்று என்ன என்பதை அவ்வப்போது மாற்றி வையுங்கள். கடைப் பெயரோடு "பாறசாலையில் சிறந்த பேக்கரி" என்று ஒட்டுவது கூகுள் விதிக்கு எதிரானது, புரொஃபைல் முடக்கப்படலாம். ரிவியூ கேட்கலாம், ஆனால் ரிவியூவுக்குத் தள்ளுபடி தரக் கூடாது.

அடுத்தது வாட்ஸ்அப். 2018 ஜனவரியில் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் இலவசம்தான். விலைப் பட்டியலைப் படத்தோடு போடலாம், கடை மூடிய நேரத்தில் தானாகப் பதில் போகச் செய்யலாம், வாடிக்கையாளர்களுக்கு லேபிள் ஒட்டலாம். 'தமிழ் வாசிப்பவர்', 'மலையாளம் வாசிப்பவர்' என்று இரண்டு லேபிள் வைத்தால் அடுத்த பண்டிகைச் செய்தி அவரவர் எழுத்தில் போகும்.

ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். இது தெரியாமல் "200 பேருக்கு அனுப்பினேன், ஒருத்தரும் வரல" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பில் போடும்போதே "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது சரக்கு வந்தா சொல்றேன்" என்று சொல்வது ஒரு ரூபாய் செலவில்லாத மார்க்கெட்டிங். பிராட்காஸ்டுக்குப் பதில் குரூப் தொடங்குபவர்கள் கவனிக்க: குரூப்பில் ஒருவர் எண்ணை மற்றவர்கள் எல்லோரும் பார்க்கலாம். தையல் கடை, பார்லர் நடத்துபவர்கள் தங்கள் பெண் வாடிக்கையாளர்களை அதில் சேர்ப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

மூன்று கிலோமீட்டர் டெலிவரியும் ஜிஎஸ்டியும்

விளம்பரம் வேலை செய்துவிட்டால் வரும் சிக்கல் இது. எல்லைக் கடைகளைத் தவிர வேறு யாருக்கும் இவ்வளவு கிட்டத்தில் இது வராது.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்ததோடு அமரவிளை வணிகவரிச் சோதனைச் சாவடியின் காலம் முடிந்தது. லாரிகள் வரிசையில் நிற்பது போயிற்று, எல்லையில் வரி என்ற எண்ணமும் பலருக்குப் போயிற்று. ஆனால் சட்டத்தில் எல்லை அப்படியே இருக்கிறது. சிறு கடைகள் ஆண்டு விற்பனை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. அந்தச் சலுகை சொந்த மாநிலத்துக்குள் விற்பவர்களுக்கு. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால் விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம்.

பாறசாலையில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பதிவு இல்லை. இன்ஸ்டாகிராம் விளம்பரத்தைப் பார்த்துக் களியக்காவிளையிலிருந்து ஒருவர் ஆர்டர் செய்கிறார். அவரே வந்து கவுன்டரில் வாங்கிக்கொண்டு போனால், பில்லில் அவர் முகவரி இல்லாத வரை, அது கேரளத்துக்குள் நடந்த விற்பனை. அதே கேக்கைத் தமிழ்நாட்டு முகவரி போட்ட பில்லோடு ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தால் அது மாநிலங்களுக்கு இடையேயான விற்பனை. திருவனந்தபுரத்துக்கு 30 கிலோமீட்டர் கொண்டுபோனால் பிரச்சினை இல்லை, களியக்காவிளைக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போனால் பதிவு வேண்டும். நியாயமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை, விதி அதுதான்.

காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்கவே கூடாது. விலக்குகளும் உண்டு. வரி இல்லாத பொருள்களை மட்டும் விற்பவருக்கு, உதாரணமாகப் பச்சைக் காய்கறி விற்பவருக்கு, பதிவு தேவையில்லை. சேவைத் தொழில் செய்பவர்கள் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை வேறு மாநிலத்தவருக்கும் சேவை தரலாம். சில கைவினைப் பொருள்களுக்கும் தனி விலக்கு இருக்கிறது. உங்கள் பொருள் எதில் வரும் என்று ஒரு கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு விளம்பரத்தைத் தொடங்குங்கள்.

பதிவு வேண்டாம் என்று முடிவு செய்தால் விளம்பரமும் அதற்கேற்ப மாற வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் காட்டும் விளம்பரத்தில் "வீடு தேடி வரும்" என்று போடாமல் "கடைக்கு வாங்க" என்று போடுங்கள். டெலிவரி விளம்பரத்தில் தமிழ்நாட்டை விலக்கிவிடுங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

கணக்குப் போடுவது என் தொழில் என்பதால் இதை மட்டும் எண்ணோடு சொல்கிறேன். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு, உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கரிக்கு 3,000 ரூபாய் விளம்பரம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3,540. பதிவு இல்லாதவர் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது. 60 பேர் வாட்ஸ்அப்பில் விசாரித்து, 12 பேர் வாங்கினார்கள். ஒரு வாடிக்கையாளரைக் கொண்டுவர ஆன செலவு 295 ரூபாய். சராசரி பில் 450 ரூபாய், சரக்குச் செலவு போக நிற்பது 30 சதவீதம் என்றால் 135 ரூபாய். முதல் தடவையில் ஒவ்வொருவரிடமும் 160 ரூபாய் நஷ்டம். அவர் மூன்றாவது தடவை வரும்போதுதான் நீங்கள் லாபத்தைப் பார்க்கிறீர்கள். அப்படியானால் பேக்கரிக்கு முக்கியம் புது ஆளைப் பிடிப்பதை விட வந்தவரைத் திரும்ப வரவைக்கும் வாட்ஸ்அப் பட்டியல்தான்.

கல்யாணப் பட்டு விற்கும் கடைக்கு இதே கணக்கு தலைகீழ். 12,000 ரூபாய் பில்லில் 15 சதவீதம் நின்றாலும் 1,800. அந்த ஒருவருக்காக 295 செலவழிப்பது பெரிய விஷயமே இல்லை. அவர் அடுத்து எப்போது வருவார் என்பது தெரியாது, ஆகவே அங்கே கட்டண விளம்பரத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

பாலராமபுரம் கைத்தறியின் கதை இரண்டிலும் சேராது. திருவிதாங்கூர் அரசு தமிழகத்திலிருந்து வரவழைத்துக் குடியமர்த்திய சாலியர் நெசவாளர்களின் ஊர் அது, புவிசார் குறியீடு பெற்ற துணி. வாங்குபவர் ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க மாட்டார், பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார். வட்டம் போடுவது அவர்களுக்குப் பயன்படாது. தறியில் நெய்யும் வீடியோ, நம்பகமான கைத்தறி முத்திரை, கூரியர், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தால்தான் வியாபாரம். விசைத்தறித் துணிக்கு அந்த ஊர்ப் பெயரை ஒட்டி விற்பது சட்டப்படி குற்றம் என்பதையும் மறு விற்பனையாளர்கள் நினைவில் வைக்க வேண்டும். பூவாறு தங்கும் விடுதிகளுக்கும் இதே போல வெளியூர்த் தேடல்தான் முக்கியம்.

வைத்தியசாலைகளுக்கு ஒரு எச்சரிக்கை. சர்க்கரை நோயை, புற்றுநோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. ரீல்ஸும் விளம்பரம்தான். யூடியூபர் ஒருவரைக் காசு கொடுத்துக் கூப்பிட்டால், அது கட்டண விளம்பரம் என்று அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

எப்போது போடுவது என்பதில் எல்லைக்காரர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்: இரண்டு மாநிலத்துப் பண்டிகையும் உங்களுக்குத்தான். ஓணத்துக்குக் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், கிறிஸ்துமஸ் இரண்டு பக்கமும் பெரிய சீசன், பொங்கல் அந்தப் பக்கம். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரம் போகும் சுவாமி ஊர்வலம் இந்த நெடுஞ்சாலை வழியாகத்தான் போகிறது.

ஏஜென்சியோடு கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஃபாலோயர் எண்ணிக்கையைக் காட்டி ரிப்போர்ட் தருவதாகச் சொன்னால், எத்தனை பேர் விசாரித்தார்கள், ஒரு விசாரணைக்கு எவ்வளவு ஆனது என்று கேளுங்கள். அந்தப் பத்தாயிரம் ஃபாலோயரில் பாதிப் பேர் வடமாநிலத்தில் இருந்தால் பாறசாலையில் பப்ஸ் விற்காது. உங்கள் பக்கத்திலும் ஒரு நோட்டு வையுங்கள். புதிதாக வருபவரிடம் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு மேப், வாட்ஸ்அப், விளம்பரம், ஆள் சொல்லி என்று நான்கு கட்டத்தில் கோடு போட்டால் போதும். மாதக் கடைசியில் ஏஜென்சி ரிப்போர்ட்டையும் இந்த நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பது. கூகுள் புரொஃபைலின் முதன்மை உரிமையாளராக உங்கள் ஜிமெயில் இருக்க வேண்டும், ஏஜென்சியை மேலாளராகச் சேர்த்தால் போதும். பேஸ்புக் பக்கத்திலும் முழு உரிமை உங்களுடையது, அவர்களுக்கு வேலைக்கான அனுமதி மட்டும். வாட்ஸ்அப் எண் கடை சிம்மில் இருக்கட்டும், வாடிக்கையாளர் எண்களின் பட்டியல் உங்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். கூகுள் புரொஃபைலோடு இலவசமாகத் தந்து வந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் அந்த நிறுவனமே நிறுத்திவிட்டது. அதை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்கு அதன் பிறகு கையில் மிஞ்சியது அந்த போன் எண் பட்டியல்தான்.